மூச்சு திரும்பிவிடும்... தசை திரும்புமா?

(மூன்றாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன்)



விடுமுறை முடிந்து காலேஜ் திறந்த மறுநாளே கிரவுண்டில் இறங்கி, பத்தாவது நிமிஷத்தில் "அம்மா!" என்று பின்தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அனுபவம் உங்களில் எத்தனை பேருக்கு உண்டு? எனக்கு உண்டு. போன வருஷம் ஃபுட்பால் டீம் செலக்ஷன் அன்று அப்படித்தான் விழுந்தேன். பரீட்சை, விடுமுறை என்று நாற்பது நாள் பந்தையே தொடவில்லை. "ஸ்ப்ரே அடிச்சா சரியாப் போயிடும், எழுந்து ஆடுடா" என்றார்கள் நண்பர்கள். ஆடினேன். ஏழு வாரம் நொண்டினேன். "உனக்கு ஸ்டாமினா பத்தலை" என்ற கேலி வேறு!

இது ஸ்டாமினா சமாச்சாரமே இல்லை என்று சொல்லத்தான் பேனாவை எடுத்தேன்.

ஜெர்மனியைப் பாருங்கள். கொரோனாவால் 2020 மார்ச் மாதம் அங்கே பண்டஸ்லிகா போட்டிகள் நின்றன. ஆட்டக்காரர்கள் வீட்டில் சைக்கிள் மிதித்தார்கள். ஏப்ரலில் சின்னச் சின்னக் குழுவாகப் பயிற்சி. முழு டீமும் சேர்ந்து ஆடிப் பழக அனுமதி கிடைத்தது மே முதல் வாரத்தில்தான். மே 16-ல் மேட்ச்! அன்றைக்கு டார்ட்மண்ட் அணிக்காக முதல் முறையாக ஆரம்பத்திலிருந்தே ஆட வேண்டிய ஜியோவானி ரெய்னா, வார்ம்-அப்பிலேயே கெண்டைக்கால் பிடித்து வெளியேறினார். மேட்ச் தொடங்கவே இல்லை, ஆள் காலி!

ஏன் இப்படி? நம் பாடத்தை வைத்தே சொல்கிறேன். முழு வேகத்தில் ஓடும்போது கால் முன்னால் வீசப்படுகிறது. அதைப் பிடித்து நிறுத்துவது தொடையின் பின்பக்கத் தசை, அதாவது ஹாம்ஸ்ட்ரிங். அது நீண்டுகொண்டே பிரேக் போட வேண்டும். இழுவிசையும் அதிகம், நீட்சியும் அதிகம். டென்சைல் டெஸ்டில் ராடு எப்போது கழுத்து சுருங்கி அறுகிறது என்று பார்த்திருக்கிறோமே! ஆனால் தசை இரும்பு இல்லை. பழக்கினால் தாங்கும், விட்டால் சில வாரங்களிலேயே அந்தத் தாங்கும் சக்தியை இழக்கும். சைக்கிள் மிதிப்பதில் இந்த பிரேக் வேலை கிடையாது. ஆகவே மூச்சு நன்றாக இருக்கும், "நான் ரெடி" என்று மனசும் சொல்லும். தசை மட்டும் ரெடியாக இருக்காது. ஆபத்தே அங்கேதான்.

ஐரோப்பிய கிளப்புகளை வருஷக்கணக்கில் ஆராய்ந்த ஸ்வீடன் டாக்டர் யான் எக்ஸ்ட்ராண்ட் குழு 2011-ல் சொன்ன கணக்கு: 25 பேர் கொண்ட அணியில் ஒரு சீசனுக்குச் சுமார் 15 தசைக் காயங்கள். அவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஹாம்ஸ்ட்ரிங். ஒழுங்காகப் பயிற்சி செய்கிறவர்களுக்கே இந்த நிலை!

ஜெர்மனியில் 2020-ல் காயம் கூடியதா என்பதில் ஆராய்ச்சியாளர்களே இரண்டு கட்சி. ஒரு குழு, ஆட்டத்துக்கான காயம் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆனது என்றது. இன்னொரு குழு, கூடவே இல்லை என்றது. சரி, இரண்டாவது கட்சியே ஜெயிக்கட்டும். அவர்களுக்கு டாக்டர் உண்டு, பிசியோ உண்டு, மூன்றுக்குப் பதில் ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை இறக்க அந்த மே மாதமே விதி தளர்த்தப்பட்டது. நமக்கு என்ன உண்டு? ஒரு ஸ்ப்ரே டப்பா!

தேதியை அவர்கள் அவசரப்படுத்தியதற்காவது காரணம் இருந்தது. டி.வி. பணம் வராவிட்டால் பல கிளப்புகள் தள்ளாடும். நாம் எதற்கு அவசரப்படுகிறோம்? திறந்த முதல் வாரமே செலக்ஷன் வைக்க வேண்டும் என்று யார் விதித்தது? முதல் நாள் நன்றாக ஓடுகிறவன் திறமைசாலி என்று நினைக்கிறோம். உண்மையில் அவன் விடுமுறையில் ஓட முடிந்தவன். லீவில் வேலைக்குப் போய் ஃபீஸ் கட்டுகிறவன் முதல் நாளே அடிபட்டு வெளியே போகிறான். இது நியாயமா?

ஆகவே யூனியனுக்கு என் கோரிக்கை: காலேஜ் திறந்து மூன்று வாரம் கழித்தே செலக்ஷன் நடக்கட்டும். முதல் வாரம் மெதுவோட்டம், இரண்டாவது வாரம் முக்கால் வேகம், மூன்றாவது வாரம் முழு வேகம், அதன் பிறகே மேட்ச். கூடவே ஒரு காசு செலவில்லாத பயிற்சி: முழங்காலிட்டு நில்லுங்கள், நண்பன் குதிகாலை அழுத்திப் பிடிக்கட்டும், உடம்பை வளைக்காமல் மெல்ல மெல்ல முன்னால் சாயுங்கள். டென்மார்க்கில் 942 ஆட்டக்காரர்களை வைத்து நடந்த சோதனையில், இதைச் செய்த அணிகளில் ஹாம்ஸ்ட்ரிங் காயம் பாதிக்கு மேல் குறைந்தது.

ரொம்ப நாள் நின்றுபோன மெஷினை எடுத்த எடுப்பில் முழு லோடில் ஓட்டினால் ஒர்க்‌ஷாப்பில் நம்மை வெளியே நிறுத்துவார்கள். மெஷினுக்குக் காட்டும் அந்தப் பொறுமையை நம் காலுக்கும் காட்டுவோமே, நண்பர்களே!