பிழையை அழிக்காதீர்கள்!



எங்க அப்பா மைக் செட் கடையில் வேலை பார்க்கிறார். படித்தது மூன்றாம் வகுப்பு. கோயில் திருவிழாவில் யாராவது ஆம்ப்ளிஃபையரை முழுசாகத் திருப்பினால் ஓடிவந்து குறைப்பார். "அளவுக்கு மேல ஏத்தினா குழாய் பாடாதுடா, கத்தும்" என்பார். அந்த ஒரு வரிக்குள் ஒரு பாடமே இருப்பது பாலிடெக்னிக் வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

உள்ளே இரண்டு மடங்கு கொடுத்தால் வெளியேயும் இரண்டு மடங்கு வந்தால் அது லீனியர். ஆனால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் சவ்வு ஓர் அளவுக்கு மேல் அசையாது. அப்போது நாம் கொடுக்காத அதிர்வெண்கள் எல்லாம் வெளியே வரும். இதுதான் நான்-லீனியர்.

இந்தக் குணத்தை ஒரு கருவி தானே கற்றுக்கொள்ள முடியுமா? முடியும்! அதுதான் அடாப்டிவ் ஃபில்டர். ஸ்பீக்கருக்குப் போகும் சிக்னலை ஃபில்டருக்கும் கொடுக்கிறோம். ஸ்பீக்கரின் ஒலியை மைக்கில் பிடித்து, அதிலிருந்து ஃபில்டரின் அவுட்புட்டைக் கழிக்கிறோம். மிஞ்சுவது பிழை. அந்தப் பிழையை இன்புட்டால் பெருக்கி, அதில் சிறு பங்கைப் பழைய எடையோடு கூட்ட வேண்டும். அவ்வளவுதான்! பங்கு பெரிசானால் ஃபில்டர் தடுமாறும், ரொம்பச் சிறிசானால் கற்க நேரமாகும். 1960-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் பெர்னார்ட் விட்ரோவும் அவர் மாணவர் டெட் ஹாஃபும் வெளியிட்ட எல்.எம்.எஸ். முறை இது. அந்த மாணவர்தான் 1971-ல் வந்த இன்டெல் 4004 மைக்ரோபிராசஸரை உருவாக்கியவர்களில் ஒருவர்.

நான்-லீனியர் குணத்தையும் பிடிக்க வேண்டுமானால், சிக்னலின் மாதிரிகளை ஒன்றோடொன்று பெருக்கிச் சேர்க்க வேண்டும். இத்தாலியக் கணித மேதை வோல்ட்டெராவின் பெயரால் இதை வோல்ட்டெரா ஃபில்டர் என்கிறார்கள். 100 மாதிரிகளுக்கு லீனியரில் 100 எடைகள் போதும். இரண்டாம் படியைச் சேர்த்தால் மேலும் 5,050 எடைகள்! கணக்கு பெருத்தாலும் கற்கும் விதி மாறுவதில்லை. அதே பிழை, அதே திருத்தம்.

இப்போது நம் லேபுக்கு வாருங்கள். ஆம்ப்ளிஃபையர் பரிசோதனையில் 40 மில்லிவோல்ட் வரை என் கிராஃப் நேராகப் போனது. 50-க்கு மேல் வளைந்தது. அலையின் தலை வெட்டுப்பட்டதை ஆசிலோஸ்கோப்பில் கண்ணால் பார்த்தேன். "கடைசி ரெண்டு புள்ளியை அழிச்சிட்டு நேர்கோடு போடு" என்றார்கள். நானும் அழித்தேன். ஏன்? அரியர் விழுந்தால் வீட்டில் எடுத்துச் சொல்ல எனக்கு ஆள் இல்லை. எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான்தான்.

அன்று நான் அழித்தது வெறும் இரண்டு புள்ளிகளையா? அப்பா காதால் கண்டுபிடித்த உண்மையையே அல்லவா அழித்துவிட்டேன்!

நாம் ஏன் பிழைக்குப் பயப்படுகிறோம்? பிழை வந்தால் மார்க் போகிறது. சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதினால் மார்க் வருகிறது. பிழையே வராத ஃபில்டருக்குத் திருத்த ஒன்றுமில்லை. வந்த பிழையை மறைத்த ஃபில்டரோ கடைசி வரை கற்காது.

எனவே என் கருத்து இதுதான். ஒவ்வொரு பரிசோதனைக்கும் ரெக்கார்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். எதிர்பார்த்தது என்ன, வந்தது என்ன, வித்தியாசம் ஏன் என்று எழுதுவோம். அதற்கும் மார்க் கொடுங்கள் என்று ஆசிரியர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

நண்பர்களே, ரப்பரைக் கீழே வையுங்கள். வளைந்த கோடு வளைந்தே இருக்கட்டும்!