துவாஸ் தொழிலாளரும் தைப்பூசத் திருநாளும்

கடலைத் தூர்த்து விரிவாக்கிய துவாஸ் மண்ணில் கப்பல் பட்டறைகளும் பெருந்துறைமுகமும் எழுந்துள்ளன. அவற்றை எழுப்பிய கரங்களில் தமிழகத்துக் கரங்களும் உண்டு. 1968-இல் தைப்பூசம் பொது விடுமுறைப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஆதலின் அங்குள்ள தொழிலாளர் பணி முடித்தே முருகனைக் காண இயலும். 2017-இல் ரயில் துவாஸ் வரை நீண்டும், தேங்க் ரோடு தெண்டாயுதபாணி ஆலயம் சேர நெடுநேரமாகிறது. களைத்து வருவோரை வெறும் ‘கூட்டம்’ என ஒதுக்குதல் முறையன்று.

ரயில் பாதைப் பணிக்காக ஆர்ச்சர்ட் சாலையை விட்டு 1983-இல் பெயர்ந்த சிவன் கோயில், பத்தாண்டு கழித்தே கேலாங் ஈஸ்டில் குடமுழுக்குக் கண்டது. இடமிழந்தோர் துயரை ஆலயங்களே அறியும்.

அன்னதானப் புரவலர்கள் இரவுப் பந்திக்கும் ஒரு பங்கை ஒதுக்குவார்களாக.