யானையும் அங்குசமும்

யானையைக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்காக மல்லுக்கு நிற்பதா என்று நம் பெரியவர்கள் கேட்பதுண்டு. அந்தப் பெரியவர்கள், பழைய மோட்டார் வண்டிகளைத் தேடிப் பிடித்து வாங்கும் மேனாட்டுக் கனவான்களைப் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் பழமொழியைச் சற்றுத் திருத்தியிருப்பார்கள். அந்தக் கனவான்களுக்கு யானை சுலபமாகக் கிடைத்துவிடுகிறது, அங்குசந்தான் அகப்படுவதில்லை!

இங்கே யானை என்றது, அறுபது வருஷத்துக்கு முந்திய பந்தய ஜாதி மோட்டார் வண்டியை. அங்குசம் என்றது, அந்த வண்டி தொழிற்சாலையை விட்டுப் புறப்பட்ட அன்று அதனுடன் சேர்த்துக் கொடுக்கப்பட்ட கருவிப் பையை. வண்டி பளபளவென்று மின்னுகிறது. எஞ்சின் சுருதி பிசகாமல் பாடுகிறது. அப்படியிருக்க, ஒரு பழைய குறட்டுக்காகவும் திருப்புளிக்காகவும் ஒரு மனிதர் ஊர் ஊராக அலைவானேன் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஒரே ஒரு வண்டியை உதாரணமாக எடுத்துக்கொண்டு பார்த்தால் விடை தானே விளங்கும்.

இங்கிலாந்தில் கவென்ட்ரி என்னும் நகரில் ஸர் வில்லியம் லயன்ஸ் நடத்திவந்த ஜாகுவார் கம்பெனி, 1961-ம் வருஷம் மார்ச் மாதம் ஜினீவா மோட்டார் காட்சியில் 'ஈ-டைப்' என்ற வண்டியை வெளியிட்டது. அதன் உருவத்தை அமைத்தவர் மால்கம் ஸேயர். இவர் ஆகாய விமானத் தொழிலிலிருந்து வந்தவர்; காற்றைக் கிழித்துச் செல்ல எந்த வளைவு ஏற்றது என்று கணக்குப் போட்டே வண்டிக்கு வடிவம் கொடுத்தார். மணிக்கு 150 மைல் போகும் என்று கம்பெனியார் பெருமையுடன் சொன்னார்கள். விலையோ சுமார் 2,100 பவுன்தான். இதே வேகம் போகும் மற்ற வண்டிகளுக்கு இதைவிட மிக அதிகமாகக் கொடுக்கவேண்டியிருந்தபடியால், ஜனங்கள் மூக்கில் விரலை வைத்தார்கள். 1974-ம் வருஷம் வரையில் எழுபதினாயிரத்துக்கும் அதிகமான ஈ-டைப் வண்டிகள் வெளிவந்தன.

ஒவ்வொரு வண்டியிலும், துணியைப் போல் சுருட்டி வாரால் கட்டிய ஒரு பை இருந்தது. அதை அவிழ்த்து விரித்தால் வரிசையாக அறைகள். ஒவ்வொரு அறையிலும் ஒரு கருவி. இருபுறமும் வாயுள்ள ஸ்பானர்கள், வாயை அகட்டிக் குறுக்கும் ஸ்பானர் ஒன்று, குறடு, திருப்புளி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றும் குழாய் ஸ்பானர், மயிரிழை இடைவெளியை அளக்கும் தகடுகள், டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் சிறு கருவி, பிரேக் எண்ணெயில் புகுந்த காற்றை வெளியேற்றுவதற்கு ஒரு ரப்பர்க் குழாயும் குட்டித் தகர டப்பாவும், வால்வுகளின் காலத்தைச் சரிபார்க்க ஓர் அளவுத் தகடு. பையில் அடங்காத உருப்படிகள் இரண்டு. ஒன்று வண்டியைத் தூக்கும் ஜாக்கி. மற்றொன்று ஒரு சுத்தி.

அந்தச் சுத்தியைப் பற்றிச் சற்று விஸ்தாரமாகச் சொல்லவேண்டும். அதன் தலையில் ஒருபுறம் செம்பு, மறுபுறம் தோல். ஈ-டைப்பின் ஆரம்பகால வண்டிகளில் சக்கரங்கள் கம்பிச் சக்கரங்கள்; ஒவ்வொன்றிலும் 72 கம்பிகள். சக்கரத்தை அச்சில் நிறுத்தியது நடுவில் உள்ள ஒரே ஒரு பெரிய நட்டு. அந்த நட்டுக்கு முயலுக்கு இருப்பதுபோல் இரண்டு காதுகள் உண்டு. காதில் சுத்தியால் ஓங்கி அடித்தால் நட்டு கழலும். எதிர்ப்பக்கம் அடித்தால் இறுகும். இரும்புச் சுத்தியால் அடித்தால் நட்டின் மேல்பூச்சு பாழாகிவிடும். ஆகையால்தான் செம்பும் தோலும். வண்டியின் இடப்பக்கத்து நட்டுகளுக்கு மரை ஒரு திசையிலும், வலப்பக்கத்து நட்டுகளுக்கு எதிர்த் திசையிலும் வெட்டியிருக்கும். சக்கரம் உருளும்போது நட்டு தளர்ந்துவிடாமல் இறுகிக்கொண்டே வரவேண்டும் என்பதற்காகச் செய்த யுக்தி இது.

இவ்வளவு யோசித்துக் கொடுத்த கருவிகள் எங்கே போயின? நம் வீட்டில் இரவல் கொடுத்த அரிவாள்மணை எங்கே போயிற்றோ அங்கேதான்! முதல் சொந்தக்காரர் வழியில் சக்கரம் மாற்றினார். சுத்தி சாலையோரப் புல்லில் தங்கிவிட்டது. தொழிற்கூடத்து மெக்கானிக் ஒரு ஸ்பானரை எடுத்தார். வேலை முடிந்ததும் அது அவருடைய பெட்டிக்குள் போயிற்று. இரண்டாவது சொந்தக்காரரின் பிள்ளை குறட்டை எடுத்துச் சைக்கிளுக்கு உபயோகித்தான். நாலாவது சொந்தக்காரர் கைக்கு வண்டி வந்தபோது சுருட்டிய பை மட்டும் காலியாக வந்தது. சில சமயங்களில் அதுவும் வரவில்லை. வண்டி பழையதாகி மலிந்திருந்த காலத்தில் இதைப்பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. வண்டிக்கு மதிப்பு ஏறியபிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் தேடத் தொடங்கினார்கள்.

இங்கேதான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. தேடுகிறவர் முதலில் கற்றுக்கொள்ளவேண்டிய பாடம், 'ஈ-டைப் கருவிப் பை' என்று ஒரே ஒரு பொருள் உலகத்தில் இல்லை என்பதுதான். பதின்மூன்று வருஷங்களில் வண்டி மாறிக்கொண்டே போயிற்று. வண்டியோடு கருவிகளும் மாறின.

1961-ல் வெளிவந்த முதல் ஐந்நூறு வண்டிகள் வரையில், முன்பக்கத்து மூடியைத் திறக்கும் பூட்டு வெளிப்புறத்தில் இருந்தது. அதைத் திருகுவதற்கு ஆங்கில 'டீ' எழுத்தின் வடிவத்தில் ஒரு சாவி கொடுத்தார்கள். பிறகு பூட்டை உள்ளே மாற்றிவிட்டதால் சாவிக்கு வேலை இல்லாமல் போயிற்று. ஆகவே, அந்த முதல் வண்டிகளில் ஒன்றில் அந்தச் சாவி இல்லாவிட்டால் குறை. பிந்திய வண்டியில் அது இருந்தால் வேடிக்கை!

அடுத்தபடியாக, அமெரிக்க சர்க்கார் குறுக்கிட்டது. நட்டின் காதுகள் வெளியே நீட்டிக்கொண்டிருப்பதால் தெருவில் நடப்பவர்களுக்கு அபாயம் என்று கருதி, 1968-ம் வருஷம் முதல் அவற்றை விலக்கிச் சட்டம் செய்தார்கள். ஜாகுவார் கம்பெனி நட்டின் காதுகளை அறுத்துவிட்டது. காதில்லாத நட்டை அடிப்பது எப்படி? நட்டின் மேல் பொருத்துவதற்கென்று தனியாக ஒரு வளையத்தைச் செய்து கொடுத்தார்கள். சுத்தியால் அதை அடிக்கவேண்டும். 1971-ல் பன்னிரண்டு சிலிண்டர் வண்டி வந்தபோது, ஐந்து நட்டுகளால் இறுக்கும் தகட்டுச் சக்கரமே வழக்கமாயிற்று. அத்தகைய வண்டிக்குச் செம்புச் சுத்தியால் யாதொரு பிரயோஜனமும் இல்லை. ஒரு சுத்தி இருக்கவேண்டுமா வேண்டாமா என்பதற்குள் எவ்வளவு சரித்திரம் அடங்கியிருக்கிறது, பாருங்கள்!

ஸ்பானர்களின் கதை இன்னும் விநோதமானது. 1841-ம் வருஷம் ஜோஸப் விட்வொர்த் என்ற மான்செஸ்டர் பொறியாளர் மரைகளுக்கு ஒரு பொது அளவை வகுத்தார். அந்த முறையில், ஸ்பானரில் பொறித்துள்ள எண் போல்டின் பருமனைக் குறிக்கும். ஸ்பானர் வாயின் அகலத்தையல்ல. அமெரிக்கர்கள் வேறு முறையைக் கையாண்டார்கள். இரண்டாவது உலக யுத்தத்தில் நேசதேசத்தார் ஒருவர் செய்த யந்திரத்துக்கு மற்றொருவர் செய்த நட்டு பொருந்தாமல் திண்டாடினார்கள். பிரிட்டனின் மரைக்குக் கோணம் 55 டிகிரி. அமெரிக்க மரைக்கு 60. கடைசியில் 1948-ம் வருஷம் பிரிட்டன், அமெரிக்கா, கனடா ஆகிய மூன்று தேசங்களும் கூடி ஒரே அளவை ஒப்புக்கொண்டன. புதிய முறை ஸ்பானர்களில் உள்ள எண், வாயின் அகலத்தையே நேராகச் சொல்லும்.

அதே 1948-ல் ஜாகுவார் வெளியிட்ட 'எக்ஸ்.கே. 120' என்ற வண்டிக்குப் பெரும்பாலும் பழைய வம்சத்து ஸ்பானர்கள் வேண்டும். ஈ-டைப்புக்கோ புதிய வம்சம். இரண்டு ஸ்பானர்களிலும் 'அரை' என்றே எழுதியிருக்கலாம். ஆனால் புதியதின் வாய் அரை அங்குலம், பழைய விட்வொர்த் ஸ்பானரின் வாய் சுமார் 0.92 அங்குலம். ஏறக்குறைய இரட்டிப்பு! அப்படியிருந்தும், ஈ-டைப்பின் கருவிப் பை என்று சொல்லி விட்வொர்த் ஸ்பானர்களைச் சொருகி விற்பவர்கள் இருக்கிறார்கள். பை நிறைந்திருக்கிறது, பார்வைக்கு அழகாக இருக்கிறது, சாலையில் வண்டி நின்றுவிட்டால் ஒரு நட்டைக்கூட அசைக்க முடியாது.

ஆகவே, விவேகமுள்ளவர்கள் தேடும் முறை வேறு. முதலில் தம் வண்டியின் ஜாதகத்தைத் தெரிந்துகொள்கிறார்கள். ஜாகுவார் கம்பெனியின் பழைய ஏடுகளைப் பாதுகாத்துவரும் டிரஸ்ட் ஒன்று இருக்கிறது. வண்டியின் எண்ணைக் கொடுத்தால், அது எந்தத் தேதியில் செய்யப்பட்டது, என்ன நிறம், எந்த வியாபாரிக்கு அனுப்பப்பட்டது என்பதையெல்லாம் ஏட்டில் உள்ளபடி அத்தாட்சி எழுதித் தருகிறார்கள். பிறகு கம்பெனியார் அச்சிட்ட உதிரிப் பாகங்களின் ஜாபிதாவை எடுத்துவைத்துக்கொள்கிறார்கள். அதில் ஒவ்வொரு கருவிக்கும் எண் உண்டு. பாகங்கள் மாறிய இடங்களில், எந்த எண்ணுள்ள வண்டியிலிருந்து மாறின என்ற குறிப்பும் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கருவி கிடைத்தால் ஒன்று, இரண்டு கிடைத்தால் இரண்டு என்று வருஷக் கணக்கில் சேர்க்கிறார்கள். பழைய இரும்புச் சாமான் கடையில் ஸ்பானர் கிடைக்கும். மூடிப்போன தொழிற்கூடத்தில் சுத்தி கிடைக்கும். குட்டித் தகர டப்பாதான் எமகாதகம், எங்கும் கிடைக்காது. தகரம் துருப்பிடிக்கும், காலியான டப்பாவைக் குப்பையில் எறிந்துவிடுவதும் மனித சுபாவம்.

பொறுமையில்லாதவர்களுக்கு வேறு வழி உண்டு. புதிதாகச் செய்த மாதிரிக் கருவிகள் முழுத் தொகுதியாகவே விலைக்குக் கிடைக்கின்றன. இதில் குற்றம் ஒன்றும் இல்லை. மாதிரியை மாதிரி என்று சொல்லி விற்பவரும், தெரிந்தே வாங்குபவரும் கண்ணியமானவர்களே. அவற்றால் நட்டும் கழலும், சக்கரமும் மாறும். குற்றம் எங்கே ஆரம்பிக்கிறது என்றால், அந்தப் புதுக் கருவியை உப்பு நீரில் ஊறவைத்துத் துருவேற்றி, எண்ணெயும் புழுதியும் பூசி, 'பாட்டனார் காலத்து அசல்' என்று விற்கும்போதுதான். சில அபூர்வமான இத்தாலிய வண்டிகளின் கருவிப் பை மட்டுமே ஒரு நல்ல புதுக் காரின் கிரயத்துக்கு ஏலம் போகிறதென்றால், இந்தக் கைங்கரியத்துக்கு ஆட்கள் முளைப்பதில் ஆச்சரியம் என்ன? பணம் போவது ஒரு நஷ்டம். அதைவிடப் பெரிய நஷ்டம், பத்துப் பொய்ப் பைகள் உலாவத் தொடங்கினால் உண்மையான பையையும் ஒருவரும் நம்பமாட்டார்கள் என்பது. நாளைக்கு இந்த வண்டிகளைப் பற்றி அறிய விரும்பும் மாணவனுக்குச் சாட்சி சொல்ல எதுவும் மிஞ்சாது.

இதனால்தான், ஓர் அறை காலியாக இருந்தால் காலியாகவே விட்டுவைப்பது மேல் என்று சொல்லத் தோன்றுகிறது. 'இந்த ஒன்று இன்னும் கிடைக்கவில்லை' என்று காலி அறையைக் காட்டிச் சொல்லும் மனிதரிடம் மற்றப் பதினைந்து கருவிகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம். குறையே இல்லாத பையைக் கண்டால்தான் இரண்டு முறை பார்க்கவேண்டும். ஓடி உழைத்த வண்டியின் ஸ்பானரில் தேய்மானம் இருக்கும். சுத்தியின் செம்பு முகம் சப்பையாகியிருக்கும்.

கடைசியாக ஒரு விஷயம். அந்தப் பையில் கம்பெனியார் வைத்தது இரும்பும் செம்பும் மட்டுமல்ல. வாங்குகிறவர் மீது ஒரு மரியாதையையும் வைத்தார்கள். 'ஐயா, நீர் அறிவுள்ளவர்; கை உள்ளவர். நடுவழியில் வண்டி நின்றால் உம்மாலேயே சீர் செய்துகொள்ள முடியும்' என்பது அதன் பொருள். வால்வின் காலத்தைச் சரிபார்க்கும் தகட்டை ஒரு சொந்தக்காரரின் கையில் கொடுப்பதென்றால், அவரிடம் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்கவேண்டும்! இன்றைய புதுக் கார்கள் பலவற்றில் மாற்றுச் சக்கரங்கூடக் கிடையாது. ஓட்டையை அடைக்க ஒரு பசைக் குப்பியும், உதவிக்குக் கூப்பிட ஒரு டெலிபோன் எண்ணும் இருக்கின்றன. சௌகரியம் வளர்ந்திருக்கிறது, மறுப்பதற்கில்லை. ஆனால், பழைய பையைத் தேடி அலைகிற கனவானைப் பார்த்துச் சிரிப்பதற்கு முன்னால் ஒன்றை நினைத்துக்கொள்வோம். அவர் தேடுவது அங்குசத்தை மட்டுமல்ல. யானையை நடத்தத் தெரிந்த பாகனாகத் தம்மை மதித்த ஒரு காலத்தையுந்தான் தேடுகிறார்.