கீழ்ப்பாக்கம் மேடையும் எங்கள் ஊர் மேடையும்

2018 ஜனவரி 6 அன்று சென்னை கீழ்ப்பாக்கத்தில் கோட்டு சூட்டுடன் 19 பேர் மேடையேறினார்கள். பறையும் சட்டியும் கிதாரும் டிரம்ஸும் ஒரே மேடையில் ஒலித்தன. அதுதான் 'தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவின் முதல் நிகழ்ச்சி.

மறுநாள் எங்கள் ராஜபாளையத்தில் ஆண்டாளைப் பற்றி வைரமுத்து பேசினார். அதில் வந்த ஒரு மேற்கோளுக்காகப் பக்கத்து ஊரான ஸ்ரீவில்லிபுத்தூர் கொதித்தது. உண்ணாவிரதம் நடந்தது, பேச்சு சோடா பாட்டில் வரை போனது! தொலைக்காட்சிகள் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லி ஓயவில்லை. கீழ்ப்பாக்கம் மேடையைப் பற்றி எங்கள் தெருவில் ஒருவரும் பேசவில்லை.

பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய குழு அது. பெயரே அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதிபேதமற்ற' என்ற சொல்லிலிருந்து எடுத்ததுதான். வடசென்னை கானா பாடகர்களோடு அரக்கோணத்து அறிவு வந்தார். கானா என்றால் ஆண்கள் பாட்டு என்றிருந்த இடத்தில் இசைவாணி நின்றார். இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாடினார்கள்.

பாட்டு வரிகளை எல்லோரும் புகழ்கிறார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சாவு வீட்டில் விடிய விடிய அடிக்கும் கலைஞனுக்கு ஒரு மூலை, கொஞ்சம் கூலி, ஒரு குவார்ட்டர். அவன் பெயரை யாரும் கேட்பதில்லை. இந்த மேடையில் அவனுக்கு மைக் இருந்தது, பெயர் இருந்தது.

ஸ்வீடனில் 1991இல் தொடங்கிய 'ரெஃப்யூஸ்ட்' என்ற ஹார்ட்கோர் பங்க் குழுவோடு நண்பர்கள் இதை ஒப்பிடுவார்கள். முதலாளியத்தை மேடையிலேயே சாடிய குழு அது. 1998இல் மேடையே வேண்டாமென்று கலைந்தது. பல ஆண்டுகள் கழித்து மீண்டும் சேர்ந்தார்கள் என்பது வேறு கதை. ஒப்பீடு பாதிதான் சரி. அவர்கள் மேடையை மறுத்தவர்கள். நம்மவர்கள் மேடை மறுக்கப்பட்டவர்கள்.

மேடை கிடைத்த பிறகும் மறுப்பு நிற்பதில்லை. 2021இல் 'ரோலிங் ஸ்டோன் இந்தியா' இதழ் 'எஞ்சாயி எஞ்சாமி', 'நீயே ஒளி' ஆகிய பாடல்களைக் கொண்டாடியது. இரண்டையும் எழுதிய அறிவின் முகம் அட்டையில் இல்லை. ரஞ்சித் கேள்வி கேட்டார், சண்டை நடந்தது, பிறகுதான் இணையத்தில் அறிவுக்குத் தனி அட்டை வந்தது.

எங்கள் பக்கமே வாருங்கள். 2024 டிசம்பரில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் அர்த்தமண்டபத்திலிருந்து இளையராஜா வெளியே வந்து நின்ற காட்சியை நாடே பார்த்தது. சுயமரியாதையை விட்டுக்கொடுப்பவன் அல்ல, பரவுவது பொய்ச் செய்தி என்று அவர் எழுதினார். அது அவர் சொல். மரபுப்படி அங்கே அர்ச்சகர்களுக்கும் ஜீயர்களுக்கும்தான் அனுமதி என்று விளக்கம் வந்தது. என் கேள்வி அந்த விளக்கத்தின் மீதுதான். அர்ச்சகர் யார், ஜீயர் யார் என்பதைப் பிறப்பு முடிவு செய்யும் வரை, 'எல்லோருக்கும் ஒரே விதி' என்பதற்கு என்ன பொருள்?

ராஜபாளையத்தில் கேஸ்ட்லெஸ் பாட்டை ஸ்டேட்டஸ் வைக்கும் தம்பி தங்கைகள் நிறைய இருக்கிறார்கள். சென்னைக் குழுவை இங்கே அழைக்கலாமா என்று கேட்கிறார்கள். அழைக்கலாம் தோழர்களே. அதற்கு முன், நம் ஊரில் தப்பும் உறுமியும் அடிப்பவர்களை வைத்து ஒரு மாலை நடத்துவோம். சாதிச் சங்க மண்டபம் வேண்டாம், திறந்தவெளி போதும். நோட்டீசில் அவர்கள் பெயர் முதலில் வரட்டும். சாவு வீட்டுக் கூலியைவிடப் பல மடங்கு சம்பளத்தை முன்பணமாகவே கொடுப்போம்.