இரண்டு முதல் நான்கு வரை

உங்கள் வீட்டுக்காரர் எந்த வருஷம் ரிடையர் ஆகிறார் என்று கேட்டால், மாதம் தேதியோடு சொல்லிவிடுவீர்கள். நீங்கள் எப்போது ரிடையர் ஆகப் போகிறீர்கள்? சிரிக்காதீர்கள், விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நீங்களும் உத்தியோகம் பார்ப்பவரென்றால் ஆபீசைப் பற்றிக் கேட்கவில்லை. அடுப்படியைப் பற்றித்தான் கேட்கிறேன்.

சென்ற மாதம் பெரியம்மாவைப் பார்க்க அய்யலூருக்குப் போயிருந்தேன். திண்டுக்கல்லிலிருந்து திருச்சி சாலையில் வடமதுரையைத் தாண்டினால் அய்யலூர். வியாழக்கிழமை கூடும் ஆட்டுச் சந்தைக்குப் பேர் பெற்ற ஊர். (எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு. ஆகவே அவரை நான் 'பெத்தம்மா' என்றுதான் கூப்பிடுவேன். உங்களுக்காகப் பெரியம்மா என்று எழுதுகிறேன்.)

பெரியப்பா சர்க்கார் உத்தியோகஸ்தர். தமிழ்நாட்டில் ஓய்வு வயது 58 ஆக இருந்தது 2020-ல் 59 ஆகி, 2021-ல் 60 ஆயிற்று அல்லவா? எதிர்பாராமல் கிடைத்த அந்த இரண்டு வருஷத்தையும் ஃபைல்களோடேயே கழித்துவிட்டு, 2023-ல் மாலையும் பொன்னாடையுமாக வீடு வந்து சேர்ந்தார். கிராஜுவிட்டி எவ்வளவு, பி.எஃப். எவ்வளவு, எந்த வங்கியில் வட்டி அதிகம் என்று எல்லாவற்றுக்கும் கணக்கு வைத்திருந்தார். காலை பத்து மணிக்கு என்ன செய்வது என்பதற்கு மட்டும் கணக்கு இல்லை.

முதல் வாரம் பேப்பர் படித்தார். இரண்டாம் வாரம் சமையலறைக்குள் நுழைந்தார். மிளகாய் டப்பா இருந்த இடத்தில் பருப்பு டப்பா, பருப்பு இருந்த இடத்தில் புளி. "இத்தனை வருஷம் ஒரு சிஸ்டம் இல்லாமல் நடத்தியிருக்கிறாயே!" என்று வேறு சொன்னாராம்.

"அவருக்கு ரிடையர்மென்ட் வந்தது. எனக்கு மேலே ஒரு ஆபீசர் வந்தார்" என்றார் பெரியம்மா.

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் நடந்தது சிரிக்கிற விஷயமில்லை. பெரியம்மா ஒரு வருஷமாகத் தெலுங்கு எழுத்துக் கற்றுக்கொண்டிருந்தார். பிறந்தது முதல் பேசுகிற பாஷை. எழுத்து மட்டும் தெரியாது. ஹைதராபாத்தில் இருக்கும் பேத்தி தன் பழைய இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை அனுப்பி வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை டெலிபோனில் பேத்தி பாடம் சொல்லுவாள். மற்ற நாட்களில் பகல் இரண்டு மணி முதல் நான்கு மணி வரை, வீடு ஓய்ந்திருக்கும் நேரத்தில், பெரியம்மா எழுதிப் பழகுவார். பெரியப்பா வீட்டோடு வந்த பிறகு அந்த இரண்டு மணி நேரம் போய்விட்டது. "காப்பி இருக்கிறதா?", "கண்ணாடி எங்கே?", "யாரோ கூப்பிட்டார்களே, யார்?" ஐந்து மாதம் அந்த நோட்டை அவர் தொடவே இல்லை.

நம்மில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு நோட்டுப் புத்தகம் பீரோவுக்கு அடியில் கிடக்கிறது! பிள்ளைகள் படிப்பு முடியட்டும், கல்யாணம் ஆகட்டும், அவர் ஓய்வு பெறட்டும் என்று தள்ளிப்போடுகிறோம். அவர் ஓய்வு பெற்றதும், இருந்த நேரமும் போகிறது.

திண்டுக்கல்லுக்கு மறுபக்கம், மதுரைச் சாலையில் காந்திகிராமம் இருக்கிறது. டாக்டர் சௌந்தரமும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் 1947-ல் சின்னாளபட்டியில் தொடங்கியது. இளம் வயதில் கணவரை இழந்த பிறகு டாக்டருக்குப் படித்தவர் சௌந்தரம் அம்மையார்; 1940-ல் மறுமணம் செய்துகொண்டார். 1962 முதல் 1967 வரை மத்திய கல்வித் துணை மந்திரி. 1967 தேர்தலில் திண்டுக்கல் தொகுதியில் தோற்றபோது அவருக்கு 62 வயது. டில்லியில் பதவி போனதும் என்ன செய்வது என்று அவர் தவிக்க வேண்டியிருக்கவில்லை. இருபது வருஷம் முன்பே தாம் நட்டு வைத்த மரம் காத்திருந்தது. காந்திகிராமத்துக்கே திரும்பினார், 1984-ல் மறையும் வரை அவர் வாழ்வு அதனோடுதான்.

'அவர் பெரிய மனுஷி, அவரோடு நமக்கென்ன?' என்பீர்கள். சரி, கேரளத்து ஆலப்புழை மாவட்டத்துக் கார்த்தியாயினி அம்மாளைப் பாருங்கள். கோயில்களில் பெருக்கித் துடைத்துப் பிழைத்தவர், பள்ளிக்கூடமே போனதில்லை. 2018-ல், 96-வது வயதில், எழுத்தறிவுப் பரீட்சை எழுதி நூற்றுக்கு 98 மார்க் வாங்கினார். 2020-ல் டில்லிக்குப் போய் ராஷ்டிரபதி கையால் விருதும் பெற்றார். 101 வயதில், 2023-ல் காலமானார்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பென்ஷன் உள்ள வேலை என்றால், குடும்ப ஓய்வூதியத்துக்காக உங்கள் பெயரும் பிறந்த தேதியும் பென்ஷன் உத்தரவில் பிழையில்லாமல் இருக்கின்றனவா என்று நீங்களே வாங்கிப் படியுங்கள். 'அவர் பார்த்துக்கொள்வார்' என்று விடாதீர்கள். இதுவும் படிப்புதான்.

பெரியம்மா என்ன செய்தார் என்கிறீர்களா? ஒருநாள் சாப்பாடு முடிந்ததும் சமையலறைக் கதவைச் சாத்தினார். "இரண்டிலிருந்து நாலு வரைக்கும் ஆபீஸ் மூடியிருக்கும். அவசரமானால் மனு எழுதிக் கொடுங்கள்" என்றார். பெரியப்பா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் வியாழக்கிழமை. விடியும் முன்பே சந்தைக்குப் போய் இரண்டு வெள்ளாட்டுக் குட்டிகளோடு திரும்பினார். கொடுத்த விலையைக் கேட்டு எதிர்வீட்டுக்காரர் சிரித்தாராம். மனிதருக்கு ரோஷம் வந்துவிட்டது. அடுத்தடுத்த வியாழக்கிழமைகளில், மகன் வயதுள்ள ஒரு தரகனின் பின்னாலேயே சுற்றினார். பல்லைப் பார்த்து வயது சொல்வது, துண்டுக்குள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவது எல்லாம் இப்போது பாடமாகிக்கொண்டிருக்கின்றன. ஆபீசில் யாரிடமும் எதையும் கேட்டறியாத மனுஷர்!

இப்போது வீட்டுக் கணக்கைப் பெரியம்மா தெலுங்கில் எழுதுகிறார். பழக்கத்துக்காக என்கிறார். பெரியப்பாவுக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது என்பதும் ஒரு சௌகரியம் என்று நினைக்கிறேன்.

நான் புறப்பட்ட போது மணி இரண்டரை. உள்ளே கதவு சாத்தியிருந்தது. பெரியப்பாதான் டீ போட்டுக் கொடுத்தார். சர்க்கரை கொஞ்சம் அதிகம். நான் ஒன்றும் சொல்லவில்லை.