காவல்காரனை வீட்டுக்கு அனுப்பாதீர்கள்

லினக்ஸில் ஒரு ஃபைல் திறக்கவில்லை என்று யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். "எஸ்ஈலினக்ஸை ஆஃப் பண்ணிடுங்க சார், சரியாயிடும்" என்பார்கள். சரியாகிவிடும், உண்மைதான். கல்லாப் பெட்டியின் பூட்டு மக்கர் செய்தால் பூட்டே இல்லாமல் வைத்துக்கொள்வதும் அப்படித்தான் 'சரியாகும்'. நான் பி.காம் படித்த வங்கிக்காரன், சாஃப்ட்வேர்காரன் அல்ல. ஆனாலும் இந்த அறிவுரை தப்பு என்று அடித்துச் சொல்வேன்.

நமக்கெதற்கு இந்த வம்பு என்கிறீர்களா? எங்கள் ஊர் பாலகாட், கோலார் தங்கவயல். 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கத்தை மூடியபிறகு ஊர்ப் பிள்ளைகள் பெங்களூர், சென்னை, வளைகுடா, சிங்கப்பூர் என்று சிதறிவிட்டோம். அப்பாவின் சர்வீஸ் சர்டிபிகேட், பி.எஃப். காகிதம், குவார்ட்டர்ஸ் கடிதம் எல்லாம் இப்போது ஸ்கேன்களாகத்தான் குடும்பத்துக்குள் சுற்றுகின்றன. வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்த பையன் ஒருவன் சின்னதாக ஒரு லினக்ஸ் சர்வர் போட்டு அதில் ஏற்றி வைக்கிறான். அந்தக் காகிதங்களில் கையெழுத்து, கணக்கு எண், பிறந்த தேதி எல்லாம் இருக்கின்றன. வெளியே போனால் திரும்ப வராது.

சரி, எஸ்ஈலினக்ஸ் என்பது என்ன? அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை உருவாக்கி 2000 டிசம்பரில் பொதுவில் விட்டது. 2003-ல் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்டது. 2014-ல் வந்த ஆண்ட்ராய்டு 5.0 முதல் போன்களிலும் முழுமையாக வேலை செய்கிறது. ஊரில் உங்கள் அம்மா வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு போனிலும் அது உண்டு.

வழக்கமான ஃபைல் அனுமதியில், சொந்தக்காரர் நினைத்தால் யாருக்கும் திறந்துவிடலாம். எஸ்ஈலினக்ஸ் அதற்கு மேல் இன்னொரு பூட்டு. எங்கள் வங்கியில் பெட்டக அறைக்கு இரண்டு சாவி, இரண்டு பேர். மேனேஜரே ஆனாலும் தனியாகத் திறக்க முடியாது. அதுபோல ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு லேபிள், ஓடும் ஒவ்வொரு புரோகிராமுக்கும் ஒரு லேபிள். எது எதைத் தொடலாம் என்பதை விதிப்புத்தகம் முடிவு செய்கிறது. வெப் சர்வரை ஒருவன் கைப்பற்றினாலும், உங்கள் ஹோம் டைரக்டரியில் இருக்கும் ஸ்கேன்களை அவன் தொடாமல் தடுப்பது அந்த லேபிள்தான்.

பிரச்னை எங்கே வருகிறது? ஃபைலை ஹோமிலிருந்து வெப் டைரக்டரிக்கு 'எம்வி' கட்டளையால் நகர்த்தினால் பழைய லேபிளும் கூடவே வரும். 'சிபி' கட்டளையால் புதிதாக நகல் எடுத்தால் பொதுவாகப் புது இடத்தின் லேபிள் ஒட்டிக்கொள்ளும். நகர்த்தியவருக்குத் திறக்கவில்லை, உடனே காவல்காரன் மேல் பழி.

மாற்றும் முறை இதுதான். முதலில் 'எல்எஸ்' கட்டளையோடு பெரிய 'இசட்' சேர்த்து, இப்போது என்ன லேபிள் என்று பாருங்கள். பிறகு 'ரெஸ்டோர்கான்' கட்டளையை 'என்', 'வி' இரண்டும் சேர்த்து ஓட்டுங்கள். எதையும் மாற்றாமல், எதை மாற்றப்போகிறது என்று மட்டும் சொல்லும். பட்டியல் சரியாக இருந்தால் 'என்' இல்லாமல் மறுபடி ஓட்டுங்கள். பெரும்பாலும் வேலை இங்கேயே முடிந்துவிடும்.

வழக்கத்துக்கு மாறான இடத்தில் ஃபைல்களை வைத்திருந்தால், 'செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்' கட்டளையால் அந்த இடத்துக்கு உரிய லேபிளை விதிப்புத்தகத்தில் பதிந்துவிட்டு, பிறகு ரெஸ்டோர்கான் ஓட்டுங்கள்.

பலரும் உடனே கை வைக்கும் 'சிஎச்கான்' கட்டளையோ லேபிளை நேரடியாக மாற்றும், விதிப்புத்தகத்தில் எழுதாது. லெட்ஜரில் ஏறாமல் துண்டுச்சீட்டில் போட்ட கணக்கு அது. அடுத்த முறை யாராவது லேபிள்களைச் சரிசெய்தால் பொதுவாக அழிந்துவிடும். சோதனைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதை 'ஆர்' சேர்த்து, மொத்த சிஸ்டத்தின் மேலும் ஓட்டிவிடாதீர்கள்.

ஒரு படி மேலே போய், லேபிள் மாற்றும் முன் கேட்கவேண்டிய கேள்வி வேறு: இந்த ஃபைல் இங்கே இருக்கலாமா? படிக்க மட்டும் போதும் என்றால் எழுதும் அனுமதியுள்ள லேபிளை ஏன் தரவேண்டும்? அப்பாவின் பி.எஃப். காகிதத்தை வெப் சர்வர் படிக்க முடியவில்லை என்றால், காவல்காரன் தப்பு செய்யவில்லை. தன் வேலையைத்தான் செய்திருக்கிறான்.

மறுப்பும் நியாயமானதுதான். எஸ்ஈலினக்ஸின் பிழைச் செய்திகள் வக்கீல் நோட்டீஸ் மாதிரி இருக்கும், படித்தால் தலை சுற்றும். அப்படிப்பட்ட நேரத்துக்குத்தான் 'பெர்மிசிவ்' நிலை இருக்கிறது. தடுக்காது, ஆனால் எதைத் தடுத்திருக்கும் என்று குறித்துவைக்கும். காரணம் தெரிந்ததும் திரும்ப இயக்கிவிடலாம். முழுக்க அணைத்தால் புது ஃபைல்களுக்கு லேபிளே ஒட்டாது. பிறகு இயக்கும்போது மொத்த டிஸ்க்குக்கும் லேபிள் ஒட்டவேண்டிவரும்.

"நம்ம வீட்டு சர்வரை எவன் தேடிவருவான்?" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கதவு தட்டுவது மனிதன் அல்ல, புரோகிராம். அதற்கு வங்கியும் ஒன்றுதான், பாலகாட் குடும்பமும் ஒன்றுதான். பத்து நிமிஷம் செலவழித்து லேபிளைத் திருத்துங்கள், பூட்டு இருக்கட்டும்.