கேட்கும் காது எங்கே?



விஞ்ஞானம் தூரத்தை வென்றுவிட்டது என்று மேடைதோறும் முழங்குகிறோம். இயற்பியல் படிக்கிற நானும் அப்படி முழங்கியவர்களுள் ஒருவன்தான். ஆனால் சென்ற கோடையில் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் ஓரிரவு கண்ட காட்சி அந்த முழக்கத்தை என் தொண்டையிலேயே நிறுத்திவிட்டது.

நான் குடியிருக்கும் அறைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு சிறு பட்டறை. அதன் பின்புறம் கிடந்த கழிவுப் பஞ்சுக் குவியலில் இரவு பத்து மணியளவில் தீப்பிடித்துக்கொண்டது. அங்கே வேலை செய்கிற தருமபுரிக்காரர் ஒருவர், என் தகப்பனார் வயதிருக்கும், கைப்பேசியில் 112-ஐ அழைத்தார். மறுமுனையில் உடனே எடுத்தார்கள், கன்னடத்தில் கேட்டார்கள். இவர் தமிழில் சொன்னார். அவர்கள் மீண்டும் கேட்டார்கள். இவர் மீண்டும், இன்னும் உரத்த குரலில், அதையே தமிழில் சொன்னார். பிறகு கருவியை என் கையில் திணித்து, “தம்பி, நீ படிச்ச பிள்ளை, நீயே சொல்லுப்பா” என்றார்.

படித்த பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? மின்காந்த அலைச் சமன்பாடுகளைத் தலைகீழாக ஒப்பிக்கக் கூடியவன், “பெங்கி, பெங்கி” என்று நெருப்புக்கான கன்னடச் சொல்லை நான்கு முறை சொல்லிவிட்டு விழித்துக்கொண்டு நின்றான். எந்தச் சாலை, எந்தத் திருப்பம், அருகில் என்ன இருக்கிறது என்று சொல்ல நா எழவில்லை. கடைசியில் தேநீர்க் கடைக்காரர் வந்து கருவியை வாங்கி, இரண்டே வாக்கியங்களில் இடத்தைச் சொல்லி முடித்தார். வண்டி வந்தது, தீ அணைந்தது, உயிருக்குச் சேதமில்லை. ஆனால் அவர் வருவதற்குமுன் வீணான அந்த நிமிடங்களை என்னால் மறக்க முடியவில்லை. மறுமுனையில் இருந்தவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. அவர் கேட்கக் காத்திருந்தார். எனக்குத்தான் சொல்லத் தெரியவில்லை.

அந்த வெட்கம் தந்த உந்துதலால், காவல் துறையும் தீயணைப்புப் படையும் செய்தித் தொடர்பு பெற்ற வரலாற்றைப் புரட்டினேன். அந்த வரலாறு நமக்கு ஒரு பாடம் சொல்வதாகவே எனக்குத் தோன்றுகிறது.

முதலில் வந்தது கம்பி. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 1852-ஆம் ஆண்டு தெருமுனைகளில் தீ அறிவிப்புப் பெட்டிகளை வைத்தார்கள். பெட்டியை இயக்கினால் அதன் எண் தந்திக் கம்பி வழியே தலைமை நிலையத்துக்குப் போய்ச் சேரும். அவ்வளவுதான். எந்தப் பெட்டி என்பது தெரியும். எரிவது குடிசையா, கிடங்கா, உள்ளே ஆள் இருக்கிறார்களா என்பது தெரியாது.

அடுத்து வந்தது கம்பியில்லாத் தந்தி. 1895-ஆம் ஆண்டளவில் கல்கத்தாவில் ஜகதீச சந்திர போஸ் மின்காந்த அலைகளைக் கொண்டு தூரத்திலிருந்த மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் பற்றவைத்துக் காட்டினார். நெருப்பை அணைக்க உதவுவதற்கு முன்பே அந்த அலை நெருப்பை மூட்டிக் காட்டியது! 1897-ஆம் ஆண்டு மார்க்கோனி இங்கிலாந்தில் தம் நிறுவனத்தைத் தொடங்கினார். அதே 1897-இல்தான் நம் மைசூரின் பழைய மர அரண்மனை, இளவரசி ஜயலட்சுமண்ணியின் திருமணத்தின்போது தீக்கிரையாகியது. இன்று தசரா விளக்கொளியில் நாம் கண்டு வியக்கும் அரண்மனை, அந்தச் சாம்பலுக்குப் பிறகு 1912-இல் கட்டி முடிக்கப்பட்டது.

காவலர் கைக்கு இக்கருவி வந்த கதை சுவையானது. ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலக் காவல் துறை 1923-இல் மெல்போர்ன் நகரின் ரோந்துக் கார்களில் கம்பியில்லாத் தந்தியை வைத்தது. பேச்சன்று, மோர்ஸ் குறியீடு. ஓடுகிற காரில் அமர்ந்து புள்ளியும் கோடுமாகச் செய்தியைப் பிரித்தறியத் தேர்ந்த ஆள் வேண்டும். அமெரிக்காவின் டெட்ராயிட் நகரக் காவல் துறை வேறு வழியில் போயிற்று. ஆணையர் வில்லியம் ரட்லெட்ஜ் தலைமையில் 1921 முதல் ஏழாண்டுகள் முயன்று, 1928 ஏப்ரல் 7-ஆம் நாள் ரோந்துக் கார்களுக்குக் குரலாகவே செய்தி அனுப்பும் முறையை நிலைநாட்டிற்று. தொடக்கத்தில் அந்நிலையத்துக்குக் கிடைத்தது பொழுதுபோக்கு ஒலிபரப்பு உரிமம். ஆகவே திருடனைப் பற்றிய செய்திக்கு நடுவே இசையும் ஒலிபரப்ப வேண்டியிருந்ததாம்!

ஆனால் டெட்ராயிட் ஏற்பாட்டில் பெரிய குறை ஒன்று இருந்தது. அது ஒருவழிப் பேச்சு. தலைமை நிலையம் பேசும். காரிலிருக்கும் காவலர் கேட்பார். அவர் பதில் சொல்ல வேண்டுமானால் காரை நிறுத்திவிட்டுத் தொலைபேசியைத் தேடிப் போக வேண்டும். காரணம் எளிது. அலையை வாங்கும் கருவியைச் சிறிதாகச் செய்துவிடலாம். அனுப்பும் கருவிக்கு மிகுந்த மின்னாற்றல் வேண்டும். கார் மின்கலம் அதற்கு ஈடுகொடுக்காது; வெற்றிடக் குழல்களோ வண்டியின் குலுக்கலைத் தாங்கா. எஞ்சினின் தீப்பொறி எழுப்பும் இரைச்சல் வேறு குறுக்கிடும். இதனிடையே வீட்டு வானொலிப் பெட்டிகளில் ‘போலீஸ்’ என்றே அலைவரிசை குறிக்கப்பட்டிருந்தது. ஊரார் வீட்டிலிருந்தபடியே செய்தியைக் கேட்டார்கள், திருடனும் கேட்டிருப்பான். ஊரெல்லாம் கேட்ட செய்திக்கு, கேட்க வேண்டிய காவலரால் மட்டும் “ஆம், கேட்டது” என்று சொல்ல முடியவில்லை.

இந்தக் குறையை 1933-இல் நியூ ஜெர்சி மாநிலத்தின் பேயோன் என்ற ஊர் தீர்த்தது. அங்கே காரிலிருந்தபடியே காவலர் மறுமொழி பேசினார். 1940-இல் கனெக்டிகட் மாநிலக் காவல் துறைக்காக, அம்மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேனியல் நோபிள், அதிர்வெண் பண்பேற்ற முறையில் மாநிலம் முழுமைக்குமான இருவழித் தொடர்பை அமைத்தார். இரைச்சல் அடங்கியது, பேச்சு தெளிந்தது. அதைச் செய்தவர் ஒரு பல்கலைக்கழக ஆசிரியர் என்பதை நாம் கவனிக்க வேண்டும். நம் மைசூருக்கும் இத்தகைய பெருமை உண்டு. மகாராஜா கல்லூரியின் உளவியல் பேராசிரியர் எம். வி. கோபாலசுவாமி 1935-இல் தம் இல்லத்திலேயே 30 வாட் கருவியைக் கொண்டு ‘ஆகாசவாணி’ என்ற வானொலி நிலையத்தைத் தொடங்கினார். அரசு செய்யட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை.

கருவி மட்டும் போதுமா? 1944 ஏப்ரல் 14-ஆம் நாளை எண்ணிப் பாருங்கள். பம்பாய்த் துறைமுகத்தில் ‘ஃபோர்ட் ஸ்டிகீன்’ என்ற கப்பல். அதன் வயிற்றில் சுமார் 1,400 டன் வெடிபொருள். அதே கப்பலில் பஞ்சுப் பொதிகள். பிற்பகல் இரண்டு மணியளவில் புகை தெரிந்தது. நான்கு மணி கடந்து ஆறு நிமிடத்தில் கப்பல் வெடித்துப் பிளந்தது. இடையே இரண்டு மணி நேரம் இருந்தது. கப்பலை வெளியே இழுப்பதா, அங்கேயே மூழ்கடிப்பதா என்று பொறுப்பிலிருந்தோர் ஒருமுடிவுக்கு வராமலே அது கழிந்தது. தண்ணீரைப் பாய்ச்சிக்கொண்டே நின்ற தீயணைப்பு வீரர்கள் 66 பேர் மாண்டார்கள். அவர்கள் நினைவாகத்தான் ஆண்டுதோறும் ஏப்ரல் 14 தீயணைப்புப் பணி நாளாகப் போற்றப்படுகிறது. செய்தி போய்ச் சேர்வது வேறு. அதைப் புரிந்துகொண்டு ஒருமனமாய்ச் செயலாற்றுவது வேறு. அதற்கு இரண்டாண்டுகள் கழித்து, 1946 பிப்ரவரியில், காவல் துறையின் கம்பியில்லாத் தொடர்பை நாடு முழுதும் ஒருங்கிணைப்பதற்கான மத்திய அமைப்பு தோன்றியது. இன்று உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இயக்ககம் அதன் வழிவந்ததே.

ஆக, படிகள் மூன்று என்பேன். முதற்படி, பேசுவது. இரண்டாம் படி, மறுமொழி சொல்வது. இவ்விரண்டையும் பொறியாளர்கள் ஏறிவிட்டார்கள். மூன்றாம் படி, ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்குவது. அந்தப் படியில்தான் அன்றிரவு தருமபுரிக்காரரும் நானும் தடுக்கி விழுந்தோம். கையிலிருந்ததோ இருவழிக் கருவி. நடந்ததோ டெட்ராயிட்டின் ஒருவழிப் பேச்சு!

“இருப்பிடத்தைக் கைப்பேசியே காட்டிவிடுமே” என்று சிலர் சொல்லக் கூடும். காட்டும், ஆனால் அது காட்டுவது பெரும்பாலும் ஒரு வட்டத்தை. அந்த வட்டத்துக்குள் பத்துப் பட்டறைகள் இருந்தால் எந்த வாயில் என்பதையும், உள்ளே எரிவது பஞ்சா, இரசாயனமா என்பதையும் மனிதர்தான் சொல்லியாக வேண்டும். இன்னும் சிலர், “கட்டுப்பாட்டு அறையில் தமிழ் தெரிந்தவரை அரசு அமர்த்தட்டும்” என்பார்கள். பல மாநிலத்துத் தொழிலாளர் பிழைக்க வந்திருக்கும் தொழில் நகரில் அந்தக் கோரிக்கை நியாயமானதே. அதை நம் சங்கம் முறைப்படி விண்ணப்பமாகக் கொடுக்கட்டும். ஆனால் அது நிறைவேறும் நாள்வரை நெருப்பு காத்திருக்காது. மேலும், ஓர் ஊரின் தண்ணீரைக் குடித்து, அவ்வூர்ப் பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கும் நாம், அவ்வூர் மொழியில் ஆபத்துக்கு உதவும் பத்து வாக்கியங்களையாவது கற்காமலிருப்பது தமிழ்ப்பற்று ஆகாது, அது சோம்பல். இதை முதலில் எனக்கே சொல்லிக்கொள்கிறேன்.

ஆகவே சங்கத்தின் முன் இரண்டு பணிகளை வைக்கிறேன்.

ஒன்று: தமிழ் எழுத்தில் கன்னட வாக்கியங்களை அச்சிட்ட ஒரு சிறு அட்டை. “பெங்கி பித்திதே”, தீப்பிடித்திருக்கிறது. “பேக பன்னி”, சீக்கிரம் வாருங்கள். இவற்றோடு வலம், இடம், எதிரில், பின்னால் என்பவற்றுக்கான சொற்கள்; அட்டையை வைத்திருப்பவர் வேலை செய்யும் இடத்தின் சரியான முகவரி. கன்னட நண்பர்களைத் துணைக்கு அழைப்போம். பிழை திருத்தித் தருவார்கள். ஞாயிறுதோறும் நான்கு பேர் ஹெப்பாளுக்கு வந்தால் போதும். கொடுத்துவிட்டுத் திரும்பக் கூடாது. உடனிருந்து சொல்லிப் பழக்க வேண்டும்.

இரண்டு: விஞ்ஞான மாணவ மாணவியரில் சிலராவது பொழுதுபோக்கு வானொலியாளர் உரிமம் பெற வேண்டும். அதற்கான தேர்வை நடத்துவது மத்திய அரசின் தொலைத்தொடர்புத் துறை. தொடக்க நிலைத் தேர்வுக்கு மோர்ஸ் குறியீடும் தேவையில்லை; நம் பாடத்தில் உள்ள மின்னியலோடு சில விதிமுறைகளையும் படித்தால் போதும். “கைப்பேசி இருக்க இது எதற்கு?” என்பீர்கள். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை தாக்கியபோது, அலைவரிசைப் பயணமாக அந்தமான் சென்றிருந்த பாரதி பிரசாத்தும் குழுவினரும் தம் வானொலிக் கருவி வழியே தீவுகளின் செய்தியை நிலப்பரப்புக்குக் கொண்டுவந்தார்கள். 2015-இல் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது பல பகுதிகளில் கைப்பேசி ஊமையாயிற்று. அப்போதும் இவ்வானொலியாளர்கள் கைகொடுத்தார்கள். கோபுரம் சாயும் நாளில் கூப்பிடும் குரலுக்குக் காதாக இருக்க நம்முள் ஐந்து பேர் இருந்தால் என்ன குறைந்துவிடும்?

வள்ளுவர் கல்வி, கல்லாமை ஆகிய அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்கென்று ஓர் அதிகாரம் வகுத்தார். படித்தால் மட்டும் போதாது, கேட்கவும் வேண்டும் என்று அவர் கருதினார் போலும். நாம் படித்துவிட்டோம். அந்தத் தருமபுரிக்காரர் இன்றும் அதே பட்டறையில் இரவு வேலை பார்க்கிறார். அடுத்த முறை அவர் தம் கைப்பேசியை யாரிடமும் திணிக்காமல் தாமே இடத்தைச் சொல்ல வேண்டும்.

முதல் அட்டையை நான் எழுதத் தொடங்கிவிட்டேன். வரும் ஞாயிறு என்னோடு ஹெப்பாளுக்கு வருவோர் யார்?